பங்களாவுக்கு முன்னால் கால் மைல்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்களும் கால் மைல் தூரம் நடந்துதான் ஆக வேண்டும். கூலி ஆட்கள் குடியிருந்த லயத்திலிருந்து வெளியே போக ஒரே செம்மண் பாதை. அது துரையின் பங்களா இருந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்து, அங்கிருந்து செடெனாக் ரயில் நிலையத்துப் பக்கம் இறங்கும். பங்களாவின் கீழ்க் கேட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் யாரும் சைக்கிளில் ஏறி உட்காரக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். துரையின் மோட்டார் எதிரே வந்தால் வண்டியை ஓரத்தில் சாய்த்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சைக்கிள் கிளப்புகிற புழுதி பங்களாவுக்குள் வருகிறது என்று காரணம் சொன்னார்கள். துரையின் மோட்டார் கிளப்பிய புழுதியில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை சிவந்துபோகும். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

நான் அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் வாத்தியார். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரே அறை, முப்பது பிள்ளைகள். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணிமார் என்னைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளவில்லை. பால்வெட்டுக்காரர்கள் என்னைத் தங்களில் ஒருவனாக நினைக்கவும் இல்லை. எனக்குக் குடியிருக்கக் கொடுத்த அறைகூட லயத்துக்கும் கிராணிமார் வீடுகளுக்கும் நடுவில்தான் இருந்தது. சைக்கிள் வந்த பிறகுதான் எனக்கென்று நாலு பேர் கிடைத்தார்கள்.

ரப்பர் விலை ஏறியிருந்த காலம் அது. குளுவாயில் ஒரு சீனர் கடையில் பழைய சைக்கிள்கள் விற்றார்கள். முதலில் வாங்கியவர் ஒரு பால்வெட்டுக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். கறுப்பு வண்டி. வாரம் ஒருமுறை அதைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விடுவார். அவர் அதிகம் பேசமாட்டார். அவர் பேசாததையெல்லாம் அவர் மனைவி பேசுவார். அந்த அம்மாளும் பக்கத்து மர நிரையில் பால் வெட்டியவர்தான். லயத்தில் அவரை வாயாடி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அவர் சொன்னது எதுவும் பின்னால் பொய்யாகிப்போனதாக எனக்கு நினைவில்லை.

இரண்டு வருடத்தில் எங்கள் தோட்டத்தில் பதினைந்து சைக்கிள் ஆகிவிட்டது. அதில் ஒன்று நான் வாங்கிய பச்சை வண்டி. மாலையில் ரப்பர் பால் கொட்டகைக்கு முன்னால் எல்லோரும் வண்டியோடு கூடுவோம். ஒருவர் டியூப்புக்கு ஒட்டுப் போடுவார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். அப்படி ஒரு நாள் ஒருவர், கப்பலை விட்டு இறங்கிய பிறகு கடலையே பார்த்ததில்லை என்றார். அவர் வந்து பதினோரு வருடம். மற்றவர்களும் யோசித்துப் பார்த்துவிட்டுத் தாங்களும் பார்த்ததில்லை என்றார்கள். பொந்தியானில் கடல் இருக்கிறது, சைக்கிளில் போகலாமே என்று நான் சொன்னேன். போகிற போக்கில் சொன்ன பேச்சுதான். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் விடுமுறை. பக்கத்துத் தோட்டங்கள் மூன்றுக்கும் நான் சீட்டு எழுதி அனுப்பினேன். வண்டிக்கு மணியும் பிரேக்கும் இருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு பொட்டலம் சோறு கட்டிக்கொண்டு வர வேண்டும், குடித்துவிட்டு வரக் கூடாது. இவ்வளவுதான் விதி. விடிகிற நேரத்தில் பெரிய சாலை முனையில் நின்றபோது இருபத்து மூன்று சைக்கிள் வந்து சேர்ந்தது. அத்தனை வண்டியை ஒரே இடத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்ணனின் வண்டியில் பின்னால் கோணிப்பையை நாலாக மடித்துப் போட்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெண் பிள்ளை ஐம்பது மைல் கேரியரில் வருவதா என்று ஒருவர் கேட்டதற்கு, மிதிக்கப் போவது என் புருஷன், உங்களுக்கு ஏன் கால் வலிக்கிறது என்றார்.

குளுவாய், செனாய், ஸ்கூடாய் தாண்டி மேற்கே திரும்பினோம். இரண்டு பக்கமும் அன்னாசி. வழியில் ஏழு தடவை டயர் இறங்கியது. ஒருவர் வண்டி பஞ்சரானால் எல்லோரும் நிற்போம். ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க்காரர்களின் கிராமத்தில், ஒருவர் எங்களை நிறுத்தி எங்கே போகிறோம் என்று விசாரித்தார். கடல் பார்க்க என்றதும் அலமாக் என்று தலையில் கை வைத்துக்கொண்டு, உள்ளே போய் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். இருபத்து மூன்று வண்டிக்காரர்களுக்கும் அவர் வீட்டு ஆட்கள் வெட்டிக் கொடுத்தார்கள்.

பொந்தியான் போய்ச் சேர்ந்தபோது கடல் இல்லை. நீர் வடிந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறாகக் கிடந்தது. சேற்றில் சின்னச் சின்ன நண்டுகள். எல்லோரும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடலைப் பற்றிப் பேச்செடுத்தவன் நான் என்பதால் எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அம்மாள்தான் முதலில் சிரித்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழச் சேற்றில் இறங்கி நடந்தார். பிறகு ஒவ்வொருவராக இறங்கினோம். சாயங்காலம் நீர் ஏறி வந்தது. வந்தபோது எல்லோரும் கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒருவர் அழுதார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அன்று ஒரு கொப்பரைக் கொட்டகையில் படுத்துவிட்டு மறுநாள் திரும்பினோம்.

என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதையும் அதோடு விட்டிருக்கலாம்.

திரும்பித் தோட்டத்துக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. துரை வெளியூர் போயிருந்தார், பங்களா பூட்டிக் கிடந்தது. ஆனாலும் ஆபீஸ் வாசல் வந்ததும் எல்லோரும் இறங்கிவிட்டோம். ஆளில்லாத பங்களாவுக்கு முன்னால் பதினான்கு பேர் வண்டியைத் தள்ளினோம். அண்ணன் மட்டும் இறங்கவில்லை. அந்த அம்மாள் அவர் முதுகில் சாய்ந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி இறக்கிவிட மனம் வரவில்லை என்று அண்ணன் பிறகு சொன்னார். மெதுவாக மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

காவலுக்கு இருந்த ஜாகா அதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டில் எல்லோர் முன்னாலும் கங்காணி அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார். ஒரு மாதத்துக்கு அவரைச் சதுப்புக் காட்டு நிரைக்கு அனுப்பினார்கள். அட்டை மொய்க்கிற இடம்.

அன்று மாலை பால் கொட்டகைக்கு முன்னால் கூடியபோது அண்ணன் வழக்கத்துக்கு மாறாக அவரே பேசினார்.

"அடுத்த தடவ எல்லாரும் ஒண்ணா ஏறி ஓட்டிக்கிட்டுப் போவோம். ஒருத்தன அடிச்சாங்க. பதினஞ்சு பேர அடிப்பாங்களா?"

பலர் தலையாட்டினார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். எதையும் முறையாகக் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்டால் துரைமார் மதிப்பார்கள், மனு ஒன்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம் என்று வெகுநேரம் பேசினேன். எழுதத் தெரிந்தவன் என்கிற கர்வம் எனக்கு இருந்தது. அந்த அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, கேக்காம ஓட்டுனா ஒரு நாள் அடி. பேர எழுதிக் குடுத்துட்டா அது அவங்க பொட்டியிலயே இருக்கும். வேணுங்கறப்ப எடுப்பாங்க."

அதற்கு நான் சிரித்தேன். அதுதான் இன்றுவரை மறக்கவில்லை.

மனுவில் பதினைந்து பெயர். முதலில் என் கையெழுத்து, கீழே பதினான்கு பேரின் பெருவிரல் ரேகை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயரை நானே எழுதினேன். ஆங்கிலத்தைத் திருத்தித் தந்தவர் பெரிய கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தேவாரம் பாடிக்கொண்டு தன் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார். மனுவைப் படித்துவிட்டு, நியாயமான கோரிக்கைதான் என்று சொல்லி அவரே துரையிடம் கொண்டுபோனார்.

பத்து நாள் கழித்து என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மனு அவர் மேசையில் இருந்தது.

"மாஸ்டர், துரை ஓம் எண்டு சொல்லியிட்டார். ஆனா ஸ்டாஃபுக்கும் உங்களுக்கும் மட்டும்தான். கூலியளின்ர பேர் இதில இருந்தா ஒருத்தருக்கும் இல்லையாம். முதல் இந்த அனுமதியை எடுப்பம். அவைக்குப் பிறகு பார்ப்பம்."

அவர்களைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். துரை பினாங்குக்குப் புறப்படுகிறார், இன்றைக்கே வேண்டும் என்றார். ஒரு கதவு கொஞ்சம் திறந்தால் பின்னால் முழுவதும் திறக்கும் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். பெரிய கிராணி பேனாவை என் பக்கம் தள்ளினார். பதினான்கு பெயரின் மேலும் நான் ஒவ்வொரு கோடாகப் போட்டேன். மை புதிது, கோடு மெல்லியது. கோட்டுக்குக் கீழே பெயர்கள் நன்றாகவே தெரிந்தன. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதித் தருகிறேன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர் அதைக் கோப்பில் வைத்துக் கட்டினார்.

லயத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல், இப்போதைக்கு எங்களுக்கு அனுமதி வந்திருக்கிறது, உங்களுக்கும் வரும் என்றேன். பெயரை அடித்ததைச் சொல்லவில்லை. சரி வாத்தியாரே என்றார்கள். பிறகும் மாலையில் கூடினோம், ஒட்டுப் போட்டோம்.

அடுத்த தீபாவளிக்கு ஆயர் ஈத்தாமுக்குப் போவதென்று முடிவானது. இந்த முறை அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் சின்னக் கிராணிமார் இரண்டு பேரும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸரும் சேர்ந்துகொண்டார்கள். தொப்பி வைத்துக்கொண்டு வந்தார்கள். லயத்திலிருந்து பதினான்கு பேரும் கோணிப்பை மடித்த வண்டியோடு அந்த அம்மாளும் வந்தார்கள். எல்லோரும் ஒன்றாகவே புறப்பட்டோம். நான் முன்னால்.

கீழ்க் கேட்டு வந்ததும் பின்னால் வண்டிகள் நிற்கிற சத்தம் கேட்டது. பதினான்கு பேரும் இறங்கிவிட்டார்கள். நானும் இறங்கத்தான் காலை ஊன்றினேன். எனக்குப் பின்னால் கிராணிமார் மணி அடித்தார்கள். மேட்டில் பங்களா வராந்தாவில் துரை தேநீர்க் கோப்பையோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுமதி வாங்கியவன் இறங்கி நடந்தால் அது அவருக்கு அவமரியாதையாகப் படுமோ என்று நினைத்தேன். ஊன்றிய காலைத் திரும்பப் பெடலில் வைத்தேன்.

அந்தக் கால் மைலை ஓட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு நிமிடம் இருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆபீஸ் வாசலில் இறங்கிக் காத்திருந்தோம். அவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு சாவு ஊர்வலம்போல நிதானமாக வந்தார்கள். வந்து சேர்ந்ததும் யாரும் வண்டியில் ஏறவில்லை. அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க போய்ட்டு வாங்க, வாத்தியாரே. நாங்க நடந்தது போதும்."

குரலில் கோபம் இல்லை. வண்டிகளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே தள்ளிக்கொண்டு போனார்கள். கிராணிமார், நேரமாகிறது என்றார்கள். நான் அவர்களோடு ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் காப்பி குடித்தோம். டிரெஸ்ஸர் ஏதோ வேடிக்கை சொன்னதற்குச் சிரித்தேன். சாயங்காலம் திரும்பி வந்து, பங்களாவுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு பால் கொட்டகை முன்னால் யாரும் கூடவில்லை. கூட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஆளாளுக்கு வேலை இருந்தது.

ரப்பர் விலை விழுந்தபோது முதலில் பழைய மரங்களில் வெட்டு நின்றது. பிறகு ஆட்களைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். எங்கள் தோட்டத்து முதல் பட்டியல் ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் போய்ப் படித்தேன். அதில் சைக்கிள்காரர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். அண்ணன் பெயர் இரண்டாவது. நோயாளிகளும் வயதானவர்களும் லயத்தில் இருக்க, நன்றாகப் பால் வெட்டுகிற இந்த ஒன்பது பேரை ஏன் முதலில் எடுத்தார்கள்? பெரிய கிராணியிடம் கேட்டேன். துரை சொன்ன பெயர்களைத்தான் எழுதினேன் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். துரைக்கு அத்தனை பேரின் பெயர் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம். நானே பல வருடம் அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

கப்பலில் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். விற்கலாம் என்றால் அப்போது வாங்க ஆளில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் ஒன்பது பேரும் வண்டியைப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். விலை ஏறினால் திரும்ப வருவோம், அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பள்ளிக்கூடத்துப் பின்தாழ்வாரத்தில் வரிசையாகச் சாத்தினோம். மற்றவர்கள் போன பிறகும் அண்ணனும் அந்த அம்மாளும் நின்றார்கள். அண்ணன் தன் வண்டியின் இருக்கையைத் துண்டால் துடைத்தார்.

"ஒண்ணு கேக்கணும், வாத்தியாரே. அந்த மனுவுல எங்க பேர அடிச்சுட்டாங்கன்னு ஆபீஸ் பியூன் சொன்னாரு. அடிச்சது பெரிய கிராணியா?"

நீங்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆமாண்ணே," என்றேன்.

அவர் தலையாட்டினார். நெனச்சேன் என்றார். பிறகு என் கையைப் பிடித்து, சங்கிலிக்கு மட்டும் மாதம் ஒருமுறை எண்ணெய் விடச் சொன்னார். அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் ஏதாவது சொல்பவர் அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதே எனக்குப் புரிந்தது. கணவரிடம் அவர் அதைச் சொல்லவில்லை என்பதும் பின்னால் புரிந்தது.

முதல் வருடம் ஒன்பது வண்டிக்கும் எண்ணெய் விட்டேன். இரண்டாம் வருடம் அண்ணன் வண்டிக்கு மட்டும். தாழ்வாரத்தில் மழைச் சாரல் அடிக்கும். டயர்கள் வெடித்துச் சுருண்டன. பிறகு பின்பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

விலை திரும்ப ஏறியபோது வேறு துரை வந்தார். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஆள் வருகிறார்கள், பின்னால் கிடக்கும் குப்பையை எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பழைய இரும்பு வாங்குகிற சீனரின் லாரி வந்து ஒன்பதையும் அள்ளிப்போட்டுக்கொண்டு போனது. அவை யாருடையவை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. புதுத் துரைக்கு இறங்கி நடக்கிற விதியைப் பற்றியே தெரியாது. சைக்கிள் போவதை அவர் கவனித்ததும் இல்லை. ஆனால் விதி போய்விட்டது என்று லயத்தில் சொல்ல யாருமில்லாததால் ஜனங்கள் இறங்கியே நடந்தார்கள். புதிதாகக் கப்பலில் வந்தவர்களுக்கும் பழையவர்கள் அதையே கற்றுக்கொடுத்தார்கள். நான் ஒருநாள் ஒருவரிடம், இனி ஓட்டலாம் என்று சொன்னேன். உங்களுக்கு அனுமதி இருக்கு வாத்தியாரே என்று சொல்லிவிட்டு அவர் தள்ளிக்கொண்டு போனார்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. யாரிடமோ சொல்லி எழுதியிருந்தார். அண்ணன் திரும்ப வரப் பெயர் பதிந்துவிட்டு, கப்பல் ஏறுவதற்கு முன்னால் வயிற்றுப்போக்கில் இறந்துவிட்டாராம். கடைசிவரை வாத்தியாரைப் பற்றி நல்லபடியாகவே பேசினார் என்று ஒரு வரி. தன் தம்பி குளுவாய்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்திருக்கிறான், அவனிடம் சைக்கிளைக் கொடுக்கவும் என்று இன்னொரு வரி.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி வந்தார். முப்பது வயதிருக்கும். ரயிலில் வந்து, நிலையத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். பிறகு என்னுடைய பச்சை வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினேன். அவர் அதைச் சுற்றிப் பார்த்தார்.

"மச்சான் வண்டி கறுப்புன்னு அக்கா சொல்லுச்சே."

துருப்பிடிக்காமல் இருக்கப் பெயிண்ட் அடித்தேன் என்றேன்.

நல்லா வச்சிருக்கீங்க என்று கும்பிட்டார். வெளிப்பாதை வரைக்கும் கூடப் போனேன். வண்டி கிடைத்துவிட்டது என்று அன்றே அந்த அம்மாளுக்கு எழுதினேன். மற்றதையும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதவில்லை. தம்பி எப்படியும் வண்டியின் நிறத்தைப் பற்றி அக்காவுக்கு எழுதுவார், அந்த அம்மாள் புரிந்துகொள்வார் என்று எனக்குத் தெரியும். பதில் வரும் என்று இரண்டு வருடம் பார்த்தேன். வரவில்லை. சைக்கிளும் அதற்குப் பிறகு நான் வாங்கவில்லை.